அகதி யார்? தெரிஞ்சுக்கிட்டுப் பேசுவோம்!



ஜூன் 20 உலக அகதிகள் தினம். அகதிகளைப் பத்தி பஸ்ஸிலும் டீக்கடையிலும் நாம கேட்கிற பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கு. மீதி யாரோ சொல்லி, யாரோ கூட்டினது. அந்தப் பேச்சு வகுப்பறைக்குள்ள வந்தா, முகாமில் இருந்து பள்ளிக்கூடம் வர்ற ஒரு பிள்ளையின் மனசைத்தான் அது காயப்படுத்தும். அதனால சரியான தகவலை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

அகதி வேறு, புகலிடம் கோருபவர் வேறு

'கதி' இல்லாதவர், அதாவது போக்கிடம் இல்லாதவர் அகதி. 1951-ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தம் இதற்கு விளக்கம் கொடுக்கிறது. இனம், மதம், நாட்டுரிமை, அரசியல் கருத்து, ஒரு சமூகப் பிரிவைச் சேர்ந்தவர் என்ற காரணங்களால் கொடுமைக்கு ஆளாவோம் என்ற நியாயமான பயத்தில் சொந்த நாட்டை விட்டு வெளியேறி, திரும்பிப் போக முடியாமல் இருப்பவரே அகதி. "எனக்குப் பாதுகாப்பு கொடுங்க"ன்னு வேறு நாட்டில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவர் புகலிடம் கோருபவர். வேலைக்காக துபாய் போன நம்ம ஊர் அண்ணன் இந்த ரெண்டிலும் சேர மாட்டார். லீவு கிடைச்சா அவர் தீபாவளிக்கு வீட்டுக்கு வரலாம். அகதியால் அது முடியாது.

இந்தியா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. அப்போ அவங்களுக்கு எந்த உரிமையுமே இல்லையா? இருக்கு! நம் அரசியலமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகள் 'குடிமக்கள்' என்று சொல்லவில்லை, 'எந்த ஒரு நபரும்' என்றுதான் சொல்கின்றன. அருணாசலப் பிரதேசத்தில் வாழ்ந்த சக்மா மக்களின் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது.

தமிழ்நாட்டில் எத்தனை பேர்?

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு மக்கள் படகேறி வரத் தொடங்கினாங்க. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் தமிழக அரசு கொடுத்த கணக்குப்படி, அதுவரை வந்தவர்கள் 3,04,269 பேர். பலர் திரும்பிப் போய்விட்டார்கள். அப்போது 108 முகாம்களில் 58,822 பேரும், காவல் நிலையத்தில் பதிவு செய்து வெளியே 34,087 பேரும் இருந்தார்கள். அந்த மாதத்திலேயே முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றப்பட்டது.

இலங்கையில் இருந்து மட்டுமில்லை. மியான்மரில் இருந்து தப்பி வந்த ரோஹிங்கியா குடும்பங்கள் 2012-ல் கேளம்பாக்கத்தில் வந்து தங்கின. அன்னைக்கு அது நம்ம காஞ்சிபுரம் மாவட்டம். 2019-ல்தான் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போனது.

டீக்கடைப் பேச்சும் உண்மையும்

1. "அரசாங்கம் அவங்களுக்கு அள்ளிக் கொடுக்குது!"
2021-ல் உயர்த்திய பிறகு மாத உதவித்தொகை: குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறு பிள்ளைகளுக்கு 500. அப்பா, அம்மா, ரெண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் 3,500. முப்பதால் வகுத்துப் பாருங்க: நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 117 ரூபாய் கூட வரலை. ரேஷன் அரிசி உண்டு. மீதிக்கு பெயிண்ட் வேலை, கூலி வேலைதான்.

2. "அகதின்னாலே ஆபத்தானவங்க!"
1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு இந்தப் பேச்சு பரவியது. 1999-ல் அந்தக் கொலைக்காக உச்ச நீதிமன்றம் குற்றவாளிகள் என்று உறுதி செய்தது ஏழு பேரை. அதில் மூன்று பேர் இந்தியர்கள். ஆனா சந்தேகப் பார்வை விழுந்தது முகாம்களில் இருந்த லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் மேல!

3. "இங்கே பிறந்தா இந்தியக் குடிமகன்தானே?"
எல்லோரும் இல்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு மட்டுமே பிறப்பை வைத்துக் குடியுரிமை. அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கணும். 2004 டிசம்பருக்குப் பிறகு விதி இன்னும் கடுமை. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், நீதிமன்றம் போய்ப் போராடி, 2024 தேர்தலில் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். அதே முகாமில் ரெண்டு வருஷம் கழிச்சு, இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தவருக்கு அந்த வழி இல்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை.

4. "போர் முடிஞ்சிடுச்சே, போக வேண்டியதுதானே?"
போர் 2009 மே மாதம் முடிந்தது. விரும்பியவர்கள் போனார்கள், போகிறார்கள். ஆனா 'விரும்பி' என்ற சொல்தான் இங்கே முக்கியம். 1992-ல் ஆட்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது, ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்குறாங்க, என்ன எழுதியிருக்குன்னே எங்களுக்குத் தெரியலைன்னு புகார் வந்தது. விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. விருப்பத்தோடுதான் போகிறார்களா என்று கேட்டறிய ஐ.நா. அகதிகள் ஆணையம் அந்த ஆண்டில் சென்னையில் அலுவலகம் திறந்தது. புரிகிற மொழியில் தகவல் கொடுக்காமல் வாங்குகிற சம்மதம் சம்மதமா? நீங்களே சொல்லுங்க!

தவறான தகவலால் அகதிகளும் ஏமாறுகிறார்கள். படகில் வருபவர்களை இனி குடியமர்த்த மாட்டோம்னு ஆஸ்திரேலியா 2013-ல் அறிவித்தது. இது தெரியாமல் ஏஜெண்டு பேச்சை நம்பி, நகையை விற்றுப் பணம் கட்டினால் பணமும் போகும், உயிருக்கும் ஆபத்து.

நம்ம ஊர் சொல்லும் வழி

நம்ம வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை எல்லோரும் பார்த்திருப்போம். கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், பராந்தக சோழன் காலத்தில், குடவோலைத் தேர்தலுக்கு யார் நிற்கலாம், கணக்குக் காட்டாதவர் ஏன் நிற்கக் கூடாது என்று எல்லாவற்றையும் சுவரில் வெட்டி வைத்தாங்க. ஆண்டும் இருக்கு, யார் முடிவு செய்தது என்பதும் இருக்கு. அகதிகளைப் பத்தி எதைக் கேட்டாலும் இதே மாதிரி மூணு கேள்வி கேளுங்க:

* இதை யார் சொன்னது? அரசு ஆணையா, நீதிமன்றமா, ஐ.நா. அமைப்பா, இல்லை வெறும் வதந்தியா?
* எந்த வருஷத்துக் கணக்கு?
* யாரைப் பத்தினது? முகாமில் இருப்பவரா, வெளியே இருப்பவரா, புகலிடம் கோருபவரா?

அகதிகளே சேர்ந்து 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் விவரம் தெரிந்த அமைப்புதான்.

கடைசியா ஒரு வேண்டுகோள். முகாமில் இருந்து வர்ற யாரையும் "உங்க ஊர்ல என்ன நடந்துச்சு?"ன்னு குடையாதீங்க. அவங்க பெயர், போட்டோ எதையும் கேட்காமல் வெளியே சொல்லாதீங்க. அங்கே இருக்கிற சொந்தக்காரங்களுக்கு அதனால் ஆபத்து வரலாம். அவங்களா சொன்னா, பொறுமையா கேளுங்க.

இதில் சந்தேகம் இருந்தால் ஒரு துண்டுத்தாளில் எழுதி சமூக அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்க. பதிலைத் தேடி அடுத்த இதழில் எழுதுகிறேன்.