செல்ஃப் எடுக்காத கார்! வீட்டு வாசலிலேயே பேட்டரி மாற்றலாம். ஆனால் பழைய பேட்டரியில் பதுங்கி இருக்கும் ஆபத்து!

தூத்துக்குடி,

விடிகாலை நேரம். தருவைகுளத்தில் ஒரு வீட்டு வாசல் என்று வைத்துக் கொள்ளுங்கள். தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போக அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்தாயிற்று. சாவியைத் திருகினால் "டக்". மறுபடியும் திருகினால் மறுபடியும் "டக்". அவ்வளவுதான். ஹெட்லைட் காமாலை கண்டவன் கண் மாதிரி மஞ்சளாக எரிகிறது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "பேட்டரி உட்கார்ந்துட்டுப்பா" என்கிறார்.

இது எந்த ஊரிலும் நடக்கிற கதை. கடலோரத்தில் கொஞ்சம் கூடுதலாகவே நடக்கும்.

தருவைகுளம் தூத்துக்குடிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கும் மீனவர் ஊர். ஒரு பக்கம் கடல், சுற்றிலும் உப்பளம். காற்றிலேயே உப்பு. அந்த ஈர உப்புக்காற்று காரின் இரும்பை மட்டும் தின்பதில்லை. பேட்டரியில் மாட்டி இருக்கும் ஒயர், போல்ட்டு, பாடியில் முடுக்கி இருக்கும் எர்த் ஒயர் எல்லாவற்றையும் அரிக்கும். போதாக்குறைக்கு தூத்துக்குடி வெயில். பேட்டரிக்கு முதல் எமன் வெயில்தான். ஐந்து வருஷம் வரும் என்று சொல்லி வாங்கிய பேட்டரி மூன்றாம் வருஷமே கையை விரிப்பது இதனால்தான்.

பேட்டரிதான் குற்றவாளியா?

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் புது பேட்டரிக்குப் பணம் எடுத்துக் கொண்டு ஓட வேண்டாம். பானட்டைத் தூக்கிப் பாருங்கள். பேட்டரியின் இரண்டு முனையிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு பூத்த மாதிரி பொடி படிந்து இருக்கிறதா? அப்படியானால் பேட்டரியில் கரண்டு இருந்தும் அது வெளியே வர வழி இல்லாமல் இருக்கலாம். ஒயரைக் கழற்றி, ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து மாட்டினால் சில கார்கள் உடனே "கிர்ர்" என்று கிளம்பிவிடும். சோடா தண்ணீர் பேட்டரியின் மூடி வழியாக உள்ளே மட்டும் போகக் கூடாது.

இன்னொரு சோதனை. ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும். ராத்திரி முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழுசாக இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் காலி. எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் கோளாறு ஆல்டர்னேட்டரில். புது பேட்டரி போட்டாலும் இரண்டு நாளில் அதுவும் படுத்துக் கொள்ளும். காசுக்குக் காசும் போச்சு!

கறுப்பு ஒயர் முதலில்!

சரி, பேட்டரிதான் செத்துப் போச்சு என்று தெரிந்துவிட்டது. மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பெரும்பாலான சின்னக் கார்களுக்கு 10-ம் நம்பர் ஸ்பேனர் ஒன்று, பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்புக்கு வேறு அளவில் ஒன்று. கால் மணி நேர வேலை. ஆனால் கழற்றும் வரிசை தப்பினால் வம்பு.

முதலில் காரை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள். காருக்குள் வைத்துவிட்டு, கதவு பூட்டிக் கொண்டு, வெளியே நின்று முழித்தவர்கள் உண்டு. கைக்கடிகாரம், மோதிரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.

பிறகு மைனஸ். அதாவது கறுப்பு ஒயர். அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும். ஏன்? காரின் இரும்பு உடம்பு முழுவதுமே மைனஸோடு சேர்ந்தது. சிவப்பு ஒயரை முதலில் கழற்றும்போது ஸ்பேனரின் மறு நுனி பாடியில் பட்டதோ, தீர்ந்தது. பிளஸ்ஸும் மைனஸும் நேராக மோதுகிறது. தீப்பொறி பறக்கும். ஸ்பேனர் பழுக்கக் காய்ந்து கையைப் பொசுக்கும். வெறும் 12 வோல்ட்தானே என்று நினைப்பவர்கள் கவனிக்கவும். அந்த 12 வோல்ட்தான் எஞ்சினையே சுழற்றுகிறது. அந்தச் சில வினாடிக்கு நூறு ஆம்பியருக்கு மேல் பாய்கிறது.

கறுப்பைக் கழற்றிவிட்டால், அப்புறம் சிவப்பைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. புது பேட்டரி மாட்டும்போது இதற்கு நேர் எதிர். சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில்.

வாயில் பீடி, சிகரெட் கூடாது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி பட்டால் "டமார்". மூடிய ஷெட்டுக்குள் வேலை செய்யாமல் வெளியே காற்றோட்டமாகச் செய்வது இதனால்தான்.

சட்டையில் ஓட்டை

உள்ளே இருப்பது கந்தக அமிலம். கண்ணாடி போடாமல் குனியாதீர்கள். தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். கண்ணாக இருந்தால் கழுவிய கையோடு ஆஸ்பத்திரி. நானும் ஒரு தடவை பேட்டரியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி இருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் துவைத்துக் காயப்போட்ட சட்டையில் வரிசையாக ஏழு ஓட்டை! ஆசிட் அப்படித்தான். அப்போது காட்டாது, வெளுப்பில் காட்டும்.

சின்னக் கார் பேட்டரியே 10 கிலோ பக்கம் வரும். டீசல் வண்டியுடையது அதைவிடக் கனம். இடுப்பு பத்திரம்.

புதுசு வாங்கும்போது பழைய பேட்டரியின் மேலே எழுதி இருப்பதை அப்படியே எழுதிக் கொண்டு போங்கள். கடைசியில் எல் அல்லது ஆர் என்று இருக்கும். பிளஸ் முனை எந்தப் பக்கம் என்பதற்கான அடையாளம் அது. தப்பாக வாங்கினால் ஒயர் எட்டாது. இழுத்துப் பிடித்துத் தலைகீழாக மாட்டினால் பியூஸ், ஆல்டர்னேட்டர், கம்ப்யூட்டர் பெட்டி என்று வரிசையாக எரியும். பிளஸ் முனை மைனஸ் முனையைவிடக் கொஞ்சம் தடியாக இருக்கும். அதையும் பார்த்துக் கொள்ளலாம். சிக்னலில் நின்றால் தானாக அணைந்து தானாகக் கிளம்பும் புது ரகக் கார்களுக்குச் சாதாரண பேட்டரி ஆகாது. கம்பெனி சொல்கிற ரகம்தான் போட வேண்டும். அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே மேல்.

மாட்டி முடித்ததும் முனைகளில் லேசாக வாசலின் தடவி விடுங்கள். உப்புக்காற்றுக்கு அது ஒரு திரை.

திண்ணைக்கடியில் கிடப்பது...

இதுவரை சொன்னது பாதிதான். கழற்றிய பழைய பேட்டரி எங்கே?

பல வீடுகளில் அது திண்ணைக்கடியிலோ, மாடிப்படிக்குக் கீழேயோ கிடக்கும். பிள்ளைகள் அதன் மேலேயே ஏறி விளையாடும். பேட்டரியின் எடையில் ஏறக்குறைய 60 சதவிகிதம் ஈயம். 10 கிலோ பேட்டரியில் 6 கிலோ. கடற்கரை ஊரில் ஈயம் என்றால் வலைதான் ஞாபகம் வரும். வலையின் அடிக்கயிற்றில் கட்டும் குண்டு. ஈயம் 327 டிகிரி சூட்டில் உருகிவிடும். விறகு அடுப்பே போதும். "சும்மா கிடக்கிறதை உடைத்து உருக்கினால் வலைக்கு ஆச்சே" என்று யாருக்கும் தோன்றக்கூடியதுதான்.

அப்படித் தோன்றிய ஓர் ஊரின் கதை இது. நம் ஊர் இல்லை. ஆப்பிரிக்காவில் செனகல் நாடு. தலைநகர் டக்காருக்குப் பக்கத்தில் தியாரோய் சுர் மேர் என்று ஒரு கடலோர ஊர். அங்கே பல வருஷமாகக் கொல்லர்கள் பழைய கார் பேட்டரியை உடைத்து, ஈயத்தை உருக்கி, மீன்வலைக்குக் குண்டு வார்த்தார்கள். கழிவு எல்லாம் தெரு மணலில் கலந்தது. பிறகு ஈயத்துக்கு விலை ஏறியது. மணலைத் தோண்டிச் சலித்தால் ஈயம், ஈயத்துக்குக் காசு! பெண்கள் மணலை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சலித்தார்கள். பிள்ளைகள் பக்கத்தில் விளையாடின.

2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அந்த ஊரில் 18 குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. முதலில் என்ன நோய் என்றே புரியவில்லை. 2008-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் போய் 50 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஐம்பதுக்கு ஐம்பதிலும் ஈய விஷம்! வீட்டுக்குள் இருந்த தூசியிலும் ஈயம், வாசல் மணலிலும் ஈயம்.

பேட்டரிக்குள் இருப்பது வெறும் கட்டி ஈயம் இல்லை. தகட்டில் பூசிய பசை காய்ந்தால் மாவு மாதிரி பறக்கும். கையில், லுங்கியில், தலைமுடியில் ஒட்டிக் கொண்டு வீட்டுக்குள் வரும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு அதை அதிகமாக உறிஞ்சும். வயிற்று வலி, ரத்த சோகை, படிப்பில் மந்தம், முற்றினால் வலிப்பு. இவ்வளவு வரை ஈயம் உடம்பில் இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். யூனிசெப் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, ரத்தத்தில் ஈயம் கூடுதலாக உள்ள குழந்தைகள் இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கு மேல் என்று கணக்குப் போட்டது.

குப்பையில் போட்டால்?

தூத்துக்குடி டவுன்காரர்கள் சிலர் நினைக்கலாம். உடைத்தால்தானே ஆபத்து, குப்பை வண்டியில் போட்டுவிட்டால் தொல்லை விட்டது என்று. மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு இருப்பதே தருவைகுளத்தில்தான்! டவுனில் போட்ட பேட்டரி தருவைகுளத்து மண்ணுக்குத்தான் வந்து சேரும்.

சட்டமும் உண்டு. 2001-லேயே பழைய பேட்டரியைத் திரும்ப வாங்க விதி வந்தது. அதற்குப் பதிலாக 2022 ஆகஸ்டில் புது விதி. விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர் தலையில். மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

இதில் நஷ்டமும் இல்லை. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழசைக் கொடுத்தால் விலையில் கழித்துக் கொள்வார்கள். எவ்வளவு கழிப்பார்கள் என்பது ஆம்பியரைப் பொறுத்தது. முதலிலேயே கேட்டு, பில்லில் எழுதச் சொல்லுங்கள். பேரம் பேசலாம், தப்பில்லை. காயலான் கடைக்காரர் நூறு ரூபாய் கூடத் தருகிறார் என்று அங்கே போட்டுவிட்டால், அது எந்தக் கொல்லையில் உடைபடும் என்று யாருக்குத் தெரியும்?

கொண்டு போகும்போது டிக்கியில் நிமிர்த்தியே வையுங்கள். சாய்த்தால் ஆசிட் வழியும். இரண்டு முனையிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி விடுங்கள். கடையில் வாரண்டி அட்டையில் தேதியும் சீலும் போட்டு வாங்கி, காரின் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். பீரோவில் வைத்தால் பேட்டரி படுக்கும் அன்றைக்குத்தான் அது கிடைக்காது.