அனுபவமின்மையே தகுதியாகும் வாயில்: கணிப்பொறித் துறையில் முதல் வேலை

பெங்களூரு நகரின் மல்லேஸ்வரத்தில், 6ஆவது கிராஸில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வை நடத்தும் வாரியம் அமைந்துள்ளது. அங்கிருந்து வடக்கு நோக்கிச் சென்று 18ஆவது கிராஸை அடைந்தால், பி.யு.சி. கல்வித் துறையின் அலுவலகமும், பொறியியல் இடங்களுக்கான நுழைவுத் தேர்வை நடத்தும் கர்நாடகத் தேர்வு ஆணையமும் இருக்கக் காணலாம். அதற்கும் சற்று அப்பால் 1909ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய அறிவியல் கழகம். பள்ளியிறுதி முதல் ஆராய்ச்சிப் பட்டம் வரை ஓர் இளைஞரின் கல்வி வாழ்வை நிர்ணயிக்கும் நிறுவனங்கள் நடந்து சென்றே பார்த்துவிடக்கூடிய தொலைவிற்குள் இருக்கின்றன. ஆயினும் வேலை விளம்பரங்கள் முதலில் கேட்கும் ஒரு சான்று இங்கே கிடைப்பதில்லை. அதுவே 'முன் அனுபவம்'.

கணிப்பொறித் துறையில் நுழைய விரும்பும் பட்டதாரிக்கு ஏற்படும் இக்கட்டு எளிமையானது; ஆனால் கொடியது. அனுபவம் இல்லாததால் வேலை இல்லை. வேலை இல்லாததால் அனுபவம் இல்லை. இதனை மாணவரின் குறைபாடாகவே பலரும் கருதுகின்றனர். பொருளாதார நோக்கில் பார்த்தால், பயிற்சிச் செலவை ஏற்பவர் யார் என்பதே இங்குள்ள கேள்வி.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர், 1964இல் வெளியிட்ட மனித மூலதனம் பற்றிய நூலில், பயிற்சியை இருவகையாகப் பிரித்தார். பயிற்சியளித்த நிறுவனத்திற்கு மட்டுமே பயன்படுவது ஒன்று. எங்கு சென்றாலும் பயன்படுவது மற்றொன்று. இரண்டாம் வகைப் பயிற்சிக்கு முதலாளி மனமுவந்து செலவிட மாட்டார். ஏனெனில் பயிற்சி முடிந்ததும் பக்கத்து நிறுவனம் சற்று அதிக ஊதியம் காட்டி அவரை அழைத்துக்கொள்ளும். ஆகவே அச்செலவைத் தொழிலாளியே குறைந்த ஊதியத்தின் வாயிலாக ஏற்க நேரிடுகிறது. மல்லேஸ்வரத்து ஓட்டல்களில் தோசைக்கல்லின் முன் நிற்பவரிடம் கேட்டால், அவர் மாவரைப்பதிலோ மேசை துடைப்பதிலோ தொடங்கியவராகவே பெரும்பாலும் இருப்பார். அவர் கற்ற கைத்திறன் எந்த ஓட்டலிலும் செல்லும். நிரல் எழுதுவதும், தரவுத்தளத்தைப் பராமரிப்பதும் அத்தகைய திறன்களே.

தொழில் வளர்ந்த விதம்

முன் அனுபவம் உள்ளவர்களைக் கொண்டு இத்தொழில் தொடங்கப்படவில்லை என்பதை இன்றைய மாணவர்கள் அறிதல் நன்று. அனுபவம் உள்ளோர் அன்று மிகச் சிலரே. எலக்ட்ரானிக்ஸ் கமிஷனின் மனிதவளக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் வி. ராஜாராமனின் முயற்சியால் எம்.சி.ஏ. படிப்பு 1980களின் தொடக்கத்தில் உருவாயிற்று. பொறியியல் படிக்காத பட்டதாரிகளுக்கும் கணிப்பொறித் துறையின் கதவைத் திறந்த படிப்பு அது. அவரே பின்னர் மல்லேஸ்வரத்தை அடுத்துள்ள அறிவியல் கழகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். இன்ஃபோசிஸ் நிறுவனம் 1983இல் புனேயிலிருந்து பெங்களூருக்கு இடம் பெயர்ந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1985இல் இங்கு வந்தது. விப்ரோ நிறுவனம் 1995 முதல் பிலானியின் பிட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து, அறிவியல் பட்டதாரிகளை வேலைக்கு எடுத்துக்கொண்டு, பணியில் இருந்தபடியே முதுநிலைப் பட்டமும் பெறச் செய்தது. இன்ஃபோசிஸ் மைசூரில் எழுப்பிய பயிற்சி வளாகமும், சென்னையின் ஜோஹோ நிறுவனம் பள்ளிப் படிப்பும் பாலிடெக்னிக் படிப்பும் முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து நடத்தும் பள்ளிகளும் இதே வழியில் வந்தவையே.

பெக்கரின் கூற்றை இவை பொய்யாக்கின எனச் சொல்வதற்கில்லை. பெரிய சேவை நிறுவனங்களில் தொடக்க ஊதியம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று முதல் நான்கு இலட்சம் ரூபாய் என்ற அளவிலேயே பெரும்பாலும் நின்றுவிட்டது. விலைவாசி நிற்கவில்லை. பயிற்சிச் செலவின் ஒரு பகுதி இவ்வாறு புதியவரின் சம்பளத்திலிருந்தே ஈடுசெய்யப்படுகிறது. மறுபுறம், தொடக்க நிலையினருக்கு ஒதுக்கப்பட்டுவந்த எளிய நிரற்பணிகளில் ஒரு பகுதியை 2022க்குப் பின் வந்த செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் செய்துவிடுகின்றன. கற்றுக்கொள்வதற்கென்று இருந்த கீழ்ப்படிகள் குறைந்துவருகின்றன.

சட்டம் திறந்துவைத்த வழி

இந்நிலையில்தான் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் கவனத்திற்குரியதாகிறது. தொழிற்சாலைகளை மனத்திற்கொண்டு இயற்றப்பட்ட இச்சட்டம் 1973இல் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயம் பெற்றோரையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளும் இடம்பெற்றனர். முப்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனம், ஒப்பந்தப் பணியாளரையும் சேர்த்துக் கணக்கிட்டு, 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை அமர்த்த வேண்டும் என்பது 2019இல் திருத்தப்பட்ட விதி. மென்பொருள் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

இத்திட்டத்தில் பட்டதாரியாகச் சேர விரும்புபவருக்கு ஓராண்டோ அதற்கு மேலோ பணி அனுபவம் இருத்தல் கூடாது. பிற இடங்களில் தடையாக நிற்கும் அனுபவமின்மை இங்கே தகுதியாகிறது! பயிற்சி முடிந்ததும் பிராந்தியத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் தேர்ச்சிச் சான்றிதழ் வழங்குகிறது. வேலைவாய்ப்பு அலுவலகங்களில் அதனைப் பணி அனுபவமாகவே பதிவு செய்துகொள்ளலாம். மல்லேஸ்வரத்தில் கிடைக்காத சான்றைத் தரும் அலுவலகம் சென்னை தரமணியில் உள்ளது. கர்நாடகமும் அந்தத் தென்பிராந்திய வாரியத்தின் எல்லைக்குள் அடங்கியதே.

பழகுநருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என 2019 விதிகள் நிர்ணயித்தன. அதில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. இத்தொகையை 36 விழுக்காடு உயர்த்துமாறு மத்திய தொழிற்பழகுநர் குழு 2025 மே மாதம் பரிந்துரைத்தது. உயர்த்தினாலும், தருமபுரியிலிருந்தோ கோலாரிலிருந்தோ வரும் ஏழை மாணவர் மல்லேஸ்வரத்தில் பகிர்வு அறையொன்றில் தங்கி உண்டு வாழ அது எம்மட்டும் போதும்? பெற்றோர் பணம் அனுப்ப இயன்றவர்களுக்கே அனுபவம் வாய்க்கும் என்ற நிலை ஏற்படுமானால், திட்டத்தின் நோக்கமே பழுதுபடும். கூடுதலாகக் கொடுப்பதை விதிகள் தடை செய்யவில்லை. நகரின் செலவுக்கேற்பக் கொடுக்க வேண்டியது நிறுவனங்களின் பொறுப்பு. கர்நாடக அரசு 2024 ஜனவரி முதல் யுவ நிதித் திட்டத்தின் கீழ், வேலையில்லாப் பட்டதாரிகளுக்கு இரண்டாண்டு வரை மாதம் 3,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. அத்தொகை துன்பத்தைத் தணிக்கும், அனுபவம் தராது. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

குறைகள் வேறும் உள்ளன. சட்டத்தின்படி பழகுநர் தொழிலாளி அல்லர்; பயிற்சிக்குப் பின் வேலை தரவேண்டிய கட்டாயமும் நிறுவனத்திற்கு இல்லை. மலிவான ஆள்பலம் என்ற எண்ணத்தில் பழகுநரைத் தாள்களை அடுக்கவும் அட்டவணை நிரப்பவும் பயன்படுத்தும் வழக்கம் தலையெடுத்தால், மேற்பார்வை செய்யும் அதிகாரிகள் அதனைக் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது.

மாணவர் செய்ய வேண்டியவை

படித்ததைச் சொல்வதைவிடச் செய்ததைக் காட்டுவது இத்துறையில் எளிது. தச்சரோ மருத்துவரோ தம் திறனைப் பொதுமக்கள் முன் திறந்துவைக்க இயலாது; நிரலாளர் இயலும். திறந்த மூல மென்பொருள் திட்டம் ஒன்றில் சிறு பிழையைத் திருத்தி, அத்திருத்தத்தை மூத்தவர்கள் ஆராய்ந்து ஏற்றுக்கொண்டால், அந்த உரையாடல் முழுவதும் யாரும் பார்க்கக்கூடிய பதிவாக நிற்கும். பாடத்தைப் பொறுத்தவரை, ஐ.ஐ.டி.களும் அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை எவரும் கட்டணமின்றிக் கற்கலாம். தேர்வுக்கு மட்டுமே கட்டணம். கணிப்பொறி படிக்காத பட்டதாரிகளுக்கு, மத்திய அரசின் நைலிட் நிறுவனம் நடத்தும் 'ஓ' நிலைப் படிப்பு தக்க அடித்தளமாகும். மென்பொருள் சோதனை, வாடிக்கையாளர் உதவி ஆகிய பணிகளைத் தாழ்வாக எண்ணி ஒதுக்க வேண்டியதில்லை. பிறர் எழுதிய நிரல் எங்கே உடைகிறது என்பதை அங்கு தினமும் காணலாம்.

போலி அனுபவச் சான்றிதழ் விற்போரிடம் சிக்குதல் பெருங்கேடு. வருங்கால வைப்பு நிதியின் பொதுக் கணக்கு எண் 2014 முதல் நடைமுறையில் இருப்பதால், ஒருவர் எங்கே, எப்போது பணியாற்றினார் என்பதை நிறுவனங்கள் சரிபார்த்துவிடுகின்றன. வேலைக்கு முன்பணம் கேட்பவரிடம் வேலை இராது. பணி ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட காலம் விலகக்கூடாது என்ற நிபந்தனை இருப்பின், படித்துப் பார்த்த பின்பே கையொப்பமிட வேண்டும். மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்துள்ளது.

தொழிற்பழகுநர் திட்டத்தில் சேர, அதற்குரிய தேசிய இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். பட்டச் சான்றிதழும், ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கும் வேண்டும். அரசின் பங்கு நேரே அக்கணக்கிற்கு வந்து சேரும். பட்டம் கைக்கு வந்தவுடன் பதிவு செய்துகொள்வது நன்று. வேறெங்கேனும் ஓராண்டு பணியாற்றிவிட்டால் இத்தகுதி கைநழுவிவிடும்.