வெயிலில் வெளுக்கும் பிளாஸ்டிக்

கொல்கத்தா நகரின் கிழக்குப் புறத்தில் ஒரு காலத்தில் உவர்நீர்ச் சதுப்பு நிலங்கள் பரந்து கிடந்தன. டாக்டர் பிதான் சந்திர ராய் மேற்கு வங்காள முதலமைச்சராக இருந்தபோது, 1962-ஆம் ஆண்டில், அவற்றைத் தூர்த்து மேடாக்கும் வேலை தொடங்கியது. ஹூக்ளி நதியின் வண்டல் நீருடன் கலந்து குழாய்களின் வழியே கொணரப்பட்டது. யூகோஸ்லாவியக் கட்டடக் கலைஞர் தோஷ்கோவிச் வகுத்த திட்டப்படி அங்கே எழுந்த நகரமே சால்ட் லேக். பிதான்நகர் என்பது அதன் மற்றொரு பெயர்.

இந்நகரின் வீதியோரங்களில் வெயிலில் நிற்கும் மோட்டார் வண்டிகளில், கரிய பம்பர்களும் கதவோரப் பட்டைகளும் கண்ணாடிக் கூடுகளும் சாம்பல் பூத்தாற்போல வெளுத்திருப்பதைக் காணலாம். ஊரின் பெயரை நினைத்து, இது உப்புப் பூத்ததென ஒருவர் கருதக்கூடும். உப்பாயின் நீரில் கரைந்து போக வேண்டும். ஆனால் இவ்வெண்மையோ நீர் பட்டதும் மறைந்து, உலர்ந்ததும் மீண்டும் தோன்றுகிறது. இந்த எளிய நிகழ்ச்சியிலேயே நோயின் தன்மையும் மருந்தின் எல்லையும் அடங்கியுள்ளன.

பொருளின் இயல்பு

முற்கால அம்பாசிடர் வண்டிகளில் பம்பர்கள் குரோமியம் பூசிய எஃகினால் ஆனவை. அவற்றின் பகை துரு. இன்றைய வண்டிகளின் வெளிப்புற உறுப்புகளில் பெரும்பாலானவை பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. இத்தாலிய விஞ்ஞானி ஜூலியோ நாட்டா 1954-இல் இதனைப் படிக வடிவில் ஆக்கிக் காட்டினார். 1963-இல் ஜெர்மானியரான கார்ல் சீக்ளருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எடை குறைவு, விலை மலிவு, துருவின்மை ஆகியவை இதன் நற்குணங்கள். பம்பர்களுக்கென இதனுடன் ரப்பர் போன்ற பொருளும், வெண்ணிற மாக்கல் தூளும், கருமைக்காகக் கரித்தூளும் கலப்பதுண்டு.

வெயில் செய்வது என்ன?

சால்ட் லேக் கடகரேகைக்குச் சற்றே தெற்கில் உள்ளது. ஜூன், ஜூலை மாதத் தொடக்கங்களில் நண்பகற் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். சூரிய ஒளியில் 290 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர்களும் நிலத்தை வந்தடைகின்றன. கண்ணுக்குப் புலனாகாத இக்கதிர்களே பிளாஸ்டிக்கின் முதற்பகை.

பாலிபுரோப்பிலீனின் மூலக்கூறு, மணிகள் கோத்த நீண்ட சங்கிலி போன்றது. அச்சில் வார்க்கும்போது ஏற்பட்ட சிறு மாசுகள் புற ஊதாக் கதிர்களை ஈர்த்து, அச்சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணு பிரிய வழி செய்கின்றன. காலியான இடத்தில் காற்றிலுள்ள பிராணவாயு வந்து சேர்கிறது. அவ்வாறு உண்டான பெராக்சைடு சிதையும்போது சங்கிலி அறுகிறது. அதன் துண்டுகள் அடுத்த சங்கிலிகளைத் தாக்குகின்றன. வெப்பம் இச்செயலை விரைவுபடுத்துகிறது.

இதனைத் தடுப்பதற்கென உற்பத்தியின்போதே சில காப்புப் பொருள்களைச் சேர்ப்பர். கரித்தூளும் அத்தகைய காப்பே. எனினும் இப்பொருள்கள் சிலவற்றின் ஆற்றல் நாளடைவில் குறைகிறது. அதன் பின் மெல்லிய மேற்படலம் சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் எண்ணிறந்தன தோன்றுகின்றன. மாக்கல் தூளும் வெளிப்படுகிறது. கருமை உள்ளேதான் இருக்கிறது. வெடிப்புகளில் பட்ட ஒளி நாற்புறமும் சிதறுவதால் வெண்மை தோன்றுகிறது.

நீர் பட்டால் கருப்பது ஏன்?

ஒளி விலகல் எண் காற்றுக்கு 1; நீருக்கு 1.33; சிலிக்கோன் எண்ணெய்க்கு ஏறத்தாழ 1.40; பாலிபுரோப்பிலீனுக்கு 1.49. அடுத்தடுத்த இரு பொருள்களின் எண்களுக்கிடையே வேற்றுமை குறையக் குறைய ஒளிச் சிதறலும் குறையும். வெடிப்புகளில் காற்றுக்குப் பதிலாக எண்ணெய் நிறைந்தால் கருமை மீள்வதன் காரணம் இதுவே. காகிதத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அவ்விடம் ஒளி ஊடுருவுவதும் இவ்விதியின்படியே. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதிற் செய்து காட்டலாம்.

சீர்செய்யும் முறை

முதலில் வண்டியை நிழலில் நிறுத்தி, சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவ வேண்டும். வண்ணப்பூச்சுக்கு இட்ட மெழுகு பிளாஸ்டிக்கின் குழிகளில் படிந்து வெளுத்திருப்பதும் உண்டு; அது கழுவித் தேய்த்தாலே நீங்கும். பின் நன்றாக உலர்த்தி, ஓர் ஓரத்தை நீரால் நனைத்துப் பார்க்க வேண்டும். கருமை மீண்டால் சிகிச்சை பயன் தரும்.

சிலிக்கோன் எண்ணெய்க் குழம்பை மெல்லியதாகத் தடவி, மிகுந்ததைத் துடைத்துவிடுவது எளிய வழி. இது நீடித்து நில்லாது. வங்காளத்தின் நான்கு மாத மழை இதனைக் கழுவிச் சென்றுவிடும். உலர்ந்து கெட்டியாகும் பூச்சுகள் நெடுநாள் நிற்கும். ஆனால் பரப்பில் எண்ணெய்ப் பசை சிறிதும் இருத்தலாகாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பின்னரே அவற்றை இட வேண்டும். வெப்பக் காற்றினால் மேற்பரப்பை இளக்கும் முறையும் உண்டு. பாலிபுரோப்பிலீன் 160 பாகை செல்சியசை அடுத்து உருகிவிடுமாதலால், கை தவறினால் உறுப்பே உருக்குலையும். மேலும், குறைந்துபோன காப்புப் பொருளை வெப்பம் திரும்பக் கொடுப்பதில்லை.

எச்சரிக்கைகள்

பெட்ரோல், தின்னர் ஆகியவற்றால் துடைத்தல் கூடாது. உறுப்பின் உட்புறத்தில் அதன் பொருளைக் குறிக்கும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும், ‘பி.பி.’ என்பது பாலிபுரோப்பிலீன். ‘ஏ.பி.எஸ்.’ எனக் குறித்த பிளாஸ்டிக்கைத் தின்னர் கரைத்துவிடும். மிதிபலகை, பிரேக் மிதி, ஸ்டியரிங் சக்கரம் ஆகியவற்றில் சிலிக்கோன் படின் வழுக்கி விபத்து நேரும். முன்கண்ணாடியில் பட்டால் மழை நாளில் பார்வை மங்கும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைத்தால், அவை காற்றுடன் கலந்து சூடேறித் தாமே தீப்பற்றக்கூடும். அவற்றை விரித்து உலர்த்துவதோ, நீர் நிறைந்த தகர டப்பாவில் இட்டு மூடுவதோ நலம்.

யாவற்றினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. எண்ணெய் வெண்மையை மறைக்கும். அறுந்த சங்கிலிகளை இணைக்காது. பளபளப்பு மீண்டது கொண்டு வலிமையும் மீண்டதாக எண்ணுதல் தவறு. விரலால் தேய்த்தால் தூள் உதிர்ந்தாலும், வெடிப்புகள் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தாலும், கொக்கிகளும் திருகாணித் துளைகளின் ஓரங்களும் நொறுங்கினாலும், அவ்வுறுப்பை மாற்றுவதே தக்கது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வண்டியிலும், தொலைவான கிராமங்களுக்குச் செல்லும் களப்பணி வண்டியிலும், பின்பார்வைக் கண்ணாடியின் கூடு வழியில் கழன்று விழுவது சிறிய காரியமன்று.

வகுப்பறைச் சோதனை

ஒரே பழைய வாளியிலிருந்து இரு துண்டுகளை வெட்டி, ஒன்றை மாடியில் வெயிலிலும் மற்றொன்றை அலமாரியிலும் ஓராண்டு வைத்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறத்தையும், நனைத்தால் நேரும் மாற்றத்தையும், வளையும் தன்மையையும் மாணவர் குறித்து வரலாம். வண்டியை மர நிழலிலோ கூரையின் கீழோ நிறுத்துவது எதற்காக என்பதை அத்துண்டுகளே அவர்களுக்குக் கற்பிக்கும்.