ஸ்ட்ராவில் ஓர் ஓட்டை

கோடை பிறந்துவிட்டால் எங்கள் ஊர்த் தெருக்களில் அந்த ஆட்டோ வந்துவிடும். மேலே ஒலிபெருக்கி கட்டியிருக்கும். "பேரூராட்சிப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு! வீட்டுக் குடிநீர் இணைப்பில் மின்மோட்டார் பொருத்தித் தண்ணீர் உறிஞ்சக் கூடாது. மீறினால் மோட்டார் பறிமுதல் செய்யப்படும், இணைப்பு துண்டிக்கப்படும்..." தெருமுனை திரும்புகிற வரைக்கும் அதே குரல். உங்கள் ஊரிலும் கேட்டிருப்பீர்கள்.

பக்கத்து வீட்டில் ஆறாம் வகுப்பு படிக்கிற பையன் ஒருநாள் என்னிடம் கேட்டான்: "ஏன் அத்தை, மோட்டார் அவங்க காசுல வாங்குனது. கரண்டு பில்லும் அவங்கதான் கட்டுறாங்க. இதுல என்ன தப்பு?"

நல்ல கேள்வி. "ஒருத்தர் மோட்டார் போட்டா மத்தவங்களுக்குத் தண்ணி வராதுடா" என்று பெரியவர்கள் பதில் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று மண்ணுக்குள், குழாய்க்குள் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்ட்ரா, ஓர் ஊக்கு போதும்.

ஸ்ட்ராவின் நடுவில் ஊக்கால் ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். கீழ்முனை தண்ணீருக்குள்ளும் ஓட்டை தண்ணீருக்கு மேலேயும் இருக்கட்டும். முதலில் மெதுவாக ஊதுங்கள். ஈரமான விரலை ஓட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஜில்லென்று காற்று படும். உள்ளே இருப்பது வெளியே போகிறது. இப்போது உறிஞ்சுங்கள். 'சுர்ர்' என்று சத்தம் வரும், வாய்க்குத் தண்ணீரோடு காற்றும் வரும். வெளியே இருப்பது உள்ளே போகிறது. ஓட்டை அதேதான். ஊதினால் ஒரு பக்கம், உறிஞ்சினால் மறுபக்கம்.

இந்த ஓட்டை காற்றில் இருந்ததால் உள்ளே வந்தது காற்று. அதுவே ஒரு சாக்கடைக்குள் இருந்திருந்தால்?

அதைச் சொல்வதற்கு முன் ஊர் டேங்க் வரைக்கும் ஒரு நடை போய்வருவோம். எல்லா ஊரிலும் தூண்கள் மேல் ஒரு பெரிய தொட்டி நிற்கும். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி என்பது ஏட்டில் இருக்கும் பெயர். ஊருக்குள் கேட்டால் டேங்க்தான். அதை ஏன் அவ்வளவு உயரத்தில் கட்டினார்கள்? உயரம்தான் ஊதுகிற வாய். 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 1 கிலோ எடை அழுத்தும். டேங்க் 12 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை அங்குலக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால், விரல்மீது கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ முட்டும். விரலிடுக்கில் தண்ணீர் பீறிட்டு உங்கள் சட்டை நனைவது இதனால்தான்.

இந்த அழுத்தம் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவருகிறது, கூடவே காவலும் காக்கிறது. மண்ணுக்கடியில் ஓடும் பழைய குழாய்களில் துருப்பிடித்த இடம், இணைப்பு தளர்ந்த இடம் எங்காவது இருக்கத்தான் செய்யும். உள்ளே அழுத்தம் இருக்கிற வரைக்கும் அந்த ஓட்டை வழியே நல்ல தண்ணீர் கசிந்து வெளியே போகும். அது வீண்தான். ஆனால் வெளி அழுக்கு உள்ளே வராது.

மோட்டார் போட்டதும் இது தலைகீழாகிறது. டேங்கிலிருந்து வருகிற வேகத்தைவிட அதிக வேகத்தில் மோட்டார் தண்ணீரை எடுக்கிறது. குழாய்க்குள் அழுத்தம் இறங்கி, வெளியே நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்துபோகிறது. இப்போது ஓட்டைக்கு வெளியே எது நிற்கிறதோ அதை அந்தக் காற்றழுத்தமே உள்ளே தள்ளிவிடும். பல தெருக்களில் வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடையைக் கடந்துதான் போகிறது. ஓட்டை ஒரு சாக்கடைக்குள் இருந்திருந்தால் என்று மேலே கேட்டேனே, நினைவிருக்கிறதா? பதில் இதுதான். வந்த சாக்கடை நீர் மோட்டார் போட்ட வீட்டோடு நின்றுவிடாது. அதே குழாயில் தண்ணீர் பிடிக்கிற எல்லார் குடத்துக்கும் போகும். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இந்த வழியாக வரக்கூடியவை. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மஞ்சள் காமாலை வந்து, பத்தியச் சாப்பாடு வாசனையே தெருவின் வாசனையாக இருந்த ஒரு மாதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் அந்த ஆட்டோக் குரலைக் கேட்டால் நான் எரிச்சல்படுவதில்லை.

மோட்டார் வைப்பவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் நீண்ட குழாயில் உரசி உரசிப் போவதால், தெருக்கோடிக்குப் போகும்போது அழுத்தம் தேய்ந்துவிடும். அங்கே இருக்கிற வீட்டில் நூல் மாதிரிதான் வரும். இரண்டு நாளைக்கு ஒருமுறை, அதுவும் ஒரு மணி நேரம் நூலாக வந்தால் யார் கையும் மோட்டாரைத் தேடும். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 லிட்டர் என்ற அளவில் குடிநீர்த் திட்டம் போடுவது வழக்கமாக இருந்தது. 15 லிட்டர் குடத்தில் அது ஐந்து குடம்கூட இல்லை. கோடிவீட்டுக்கும் அந்த அளவு போய்ச் சேரும்படி குழாயைப் பெரிதாக்குவதும் வால்வுகளைச் சரியாகப் பிரிப்பதும் பேரூராட்சியின் கடமை. மோட்டாரைப் பறிமுதல் செய்கிற கை, இந்த வேலையையும் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. மோட்டாரே இல்லாவிட்டாலும், வால்வை மூடியதும் குழாயில் இருக்கிற தண்ணீர் தாழ்வான பக்கம் வடிந்துபோய், மேட்டுப் பக்கத்தில் அழுத்தம் குறையும். அப்போதும் வெளி அழுக்கு உள்ளே நுழைய வழி கிடைக்கிறது. மறுபடி திறந்ததும் குழாய் முதலில் 'புஸ்' என்று மூச்சுவிட்டுக் கலங்கலாகக் கொட்டுகிறதே, அதனால்தான் முதல் குடத்தைச் செடிக்கு ஊற்றச் சொல்கிறார்கள் பாட்டிகள். நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு இருந்தால் இந்தத் தொல்லையே இருக்காது.

சரி, அப்படியும் கொஞ்சம் அழுக்கு உள்ளே வந்துவிட்டால்? அதற்காகத்தான் இரண்டாவது காவலாளி, குளோரின்.

டேங்கைப் பார்த்துக்கொள்கிற அண்ணனோடு ஒரு விடியற்காலையில் நானும் அந்தப் பையனும் போனோம். தூணில் கறுப்புப் பெயின்டில் டேங்கின் கொள்ளளவு, கழுவிய தேதி, அடுத்துக் கழுவ வேண்டிய தேதி மூன்றும் எழுதியிருந்தன. (உங்கள் ஊர் டேங்கிலும் போய்ப் பாருங்கள். தேதி பழையதாக இருந்தால் வார்டு உறுப்பினரிடம் தயங்காமல் கேளுங்கள்.) பிளீச்சிங் பவுடரை அவர் வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை காத்திருந்து, தெளிந்ததை மட்டும் எடுத்தார். "எவ்வளவு போடணும்னு எப்படித் தெரியும்?" என்றான் பையன். கணக்கை மூன்று பேருமாகப் போட்டோம். டேங்க் 1 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் மொத்தம் 200 கிராம். நல்ல புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின். ஆக, பவுடர் 600 கிராம். ஒரு லட்சம் லிட்டருக்கு முக்கால் கிலோகூட வேண்டாம்! ஆனால் மூட்டையைத் திறந்தபடி ஈரத்தில் போட்டுவைத்தால் குளோரின் காற்றோடு போய்விடும், வெறும் சுண்ணாம்பே மிஞ்சும். மூட்டையை இறுகக் கட்டிவைப்பதும் அறிவியல்தான்.

குளோரின் தண்ணீரில் சேர்ந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. அது கிருமியின் மேலுறையைத் துளைத்து உள்ளே புகுந்து அதன் வேலைகளை நிறுத்திவிடும். அதற்கு அரை மணி நேரமாவது அவகாசம் வேண்டும். 1905இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் டைபாய்டு பரவியபோது, அலெக்சாண்டர் ஹூஸ்டன் என்ற மருத்துவ அறிஞர் ஊர்த் தண்ணீரில் குளோரின் சேர்மத்தைக் கலக்க ஏற்பாடு செய்தார். தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது என்று முகம் சுளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த மெல்லிய வாடை காவலாளியின் விசில் சத்தம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் போட்ட குளோரின் முழுதும் டேங்கிலேயே தீர்ந்துவிடக் கூடாது. வழியில் ஏதாவது கிருமி வந்தால் அடிக்கக் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கட்டும் என்கிறது இந்தியத் தர அளவு. ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு! இத்தனை சின்ன அளவைக் கண்டுபிடிக்க அந்த அண்ணன் பையில் ஒரு குட்டிப் பெட்டி வைத்திருக்கிறார். பெயர் குளோரோஸ்கோப். கண்ணாடிக் குழாயில் கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து, மருந்தைச் சில சொட்டு விட்டுக் குலுக்கினால், குளோரின் இருக்கிற தண்ணீர் மஞ்சளாகும். பெட்டியில் உள்ள மஞ்சள் சாயல்களோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம். (மருந்து விட்ட தண்ணீரைக் குடிக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும்.)

டேங்கடியில் நல்ல மஞ்சள். தெரு நடுவில் வெளிர் மஞ்சள். தெருக்கோடி வீட்டில், குலுக்கு குலுக்கென்று குலுக்கியும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"அக்கா, நடுவுல எங்கேயோ சாக்கடை கலக்குது" என்றார் அண்ணன்.

எப்படிச் சொன்னார்? அழுக்கு உள்ளே வந்ததும் மிச்சமிருந்த குளோரின் முழுதும் அதோடு சண்டைபோட்டே தீர்ந்துவிட்டது. காவலாளி இல்லாத வாசலைப் பார்த்தே திருடன் வந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஊர்த் தண்ணீரை இப்படி ஊரே பார்த்துக்கொள்வது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. இன்று அது ஒரு பேரூராட்சி. ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், அங்கே ஏரியைக் கவனிக்க 'ஏரி வாரியம்' என்று ஒரு குழு இருந்தது. உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். ஓலையை மாற்றிவிடக் கூடாது அல்லவா! பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. இத்தனையும் அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் கல்வெட்டாக இருக்கிறது. ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் குடத்தில் பெண்கள் பெயர் இல்லை, நிலமில்லாதவர் பெயரும் இல்லை. தண்ணீர் சுமந்தவர்களுக்குத் தண்ணீரைப் பற்றிப் பேச இடமில்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, இன்று பேரூராட்சி உறுப்பினரை வயது வந்த ஊர் மக்கள் எல்லாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளில் இப்போது பாதி இடங்கள் பெண்களுக்கு. எங்கள் வார்டு உறுப்பினரும் ஒரு பெண்தான்.

தெருக்கோடியில் மஞ்சள் வராத அன்று காலையே அவரிடம்தான் ஓடினோம். அவர் செயல் அலுவலருக்குப் போன் போட்டார். மறுநாள் பிட்டர் வந்தார், இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். தெருக்கோடியிலிருந்து மூன்றாவது வீட்டுக்கு எதிரே சாக்கடையின் ஓரத்தில் தோண்டினார்கள். துருவேறிய இரும்புக் குழாய் ஒன்று சாக்கடைச் சுவரை ஒட்டியே போயிருந்தது. அதன் பக்கவாட்டில் ஊக்கு நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. பையன் குனிந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தான். "அத்தை, ஸ்ட்ரா!"

இரும்புக் குழாயை எடுத்துவிட்டு, சாக்கடையைத் தொடாமல் மேலே தூக்கிப் புது பி.வி.சி. குழாய் போட்டார்கள். அந்த வரிசையில் இரண்டு வீட்டில் மோட்டார் இருந்தது. கோடிவீட்டுக்கு எனத் தனி வால்வு வைத்துத் தருகிறோம் என்று உறுப்பினர் வாக்குக் கொடுத்த பிறகு, இருவரும் தாங்களாகவே கழற்றிவிட்டார்கள்.

நடுவில் ஒரு விஷயம். தண்ணீர் தினமும் வராத ஊரில் எல்லாரும் டிரம்மிலும் தொட்டியிலும் சேர்த்துவைக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது அரண்மனை. அதன் முட்டை தொட்டிச் சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். தண்ணீர் காய்ந்தாலும் சாகாது. மாதக் கணக்கில் காத்திருந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வீடு வீடாக வந்து தொட்டியில் டார்ச் அடித்துப் பார்க்கிற அக்காமார்களை வாசலிலேயே நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் தேடுவது அந்த முட்டையிலிருந்து வந்து நெளிகிற கொசுப்புழுவைத்தான்.

குழாய் மாற்றிய நாலாம் நாள் விடியலில் மறுபடி மூவரும் கோடிவீட்டுக்குப் போனோம். அண்ணன் நீண்ட கம்பியின் நுனியிலிருந்த சாவியால் வால்வைத் திருகினார். குழாய் 'புஸ்' என்றது, கொஞ்சம் கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்தது. அந்த வீட்டுப் பாட்டி முதல் குடத்தை முருங்கைக்கு ஊற்றினார். பையன் தானே கண்ணாடிக் குழாயில் கோடு வரைக்கும் பிடித்தான். அண்ணன் சொட்டு விட்டார். பையன் குலுக்கி, விடிகிற வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தான்.

மெல்ல, எலுமிச்சம்பழத் தோலைப் போல, மஞ்சள் ஏறியது.

"0.2 இருக்கு, எழுதிக்கோ" என்று அவனிடம் நோட்டை நீட்டிவிட்டு, அடுத்த வார்டுக்கு நேரமாகிவிட்டதென்று அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்.