டீசல் உறையுமா? பனிமலைக்கு கார் எடுத்துப் போகும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு, குளிர்காலத்திலும் மணாலியைத் தாண்டி லாஹௌல் பக்கம் காரில் போக முடிகிறது. பனியைப் பார்க்க சொந்த வண்டியிலேயே கிளம்புபவர்கள் நிறைய. அதில் டீசல் எஸ்யூவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் தலைவலி உண்டு.

ராத்திரி ஹோட்டல் வாசலில் வண்டியை நிறுத்துகிறீர்கள். வெளியே மைனஸ் 15 டிகிரி. காலையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறைந்து, திணறி, நின்றுவிடும். டேங்கில் டீசல் இருக்கிறது, இன்ஜினுக்குத்தான் வரவில்லை. ஆளில்லாத மலைப்பாதையில் இன்ஜின் நின்றால் ஹீட்டரும் நின்றுபோகும். அந்தக் குளிரில் இது உயிருக்கே ஆபத்து.

ஏன் உறைகிறது?

மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கட்டியாகிவிடும் இல்லையா? டீசலிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். டீசலில் இயல்பாகவே பாரஃபின் எனும் மெழுகு கரைந்திருக்கிறது. டீசல் நன்றாக எரிய அது உதவுகிறது என்பதால் முழுவதுமாக நீக்குவதும் இல்லை. குளிர் கூடும்போது இந்த மெழுகு மூன்று கட்டமாகத் தொல்லை கொடுக்கும்.

முதலில் நுண்ணிய மெழுகுத் துகள்கள் உருவாகி டீசல் கலங்கலாகும். அடுத்து, அந்தத் துகள்கள் ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். கடைசியில் டீசல் ஓடவே முடியாமல் கூழாகிவிடும். பெரும்பாலான வண்டிகள் இரண்டாவது கட்டத்திலேயே நின்றுவிடும். முழுதாக உறையும்வரை போக வேண்டியதில்லை, ஃபில்டர் அடைத்தாலே போதும்.

பெட்ரோலில் இருப்பவை இதைவிட லேசான மூலக்கூறுகள். அதனால் இந்தக் குளிரில் பெட்ரோல் வண்டிக்கு இந்தப் பிரச்சினை வராது.

நம்ம ஊர் டீசலுக்கும் அங்குள்ள டீசலுக்கும் என்ன வித்தியாசம்?

இந்தியத் தரநிலைப்படி, சாதாரண டீசல் ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலை கோடையில் 18 டிகிரி வரையும், நவம்பர் முதல் பிப்ரவரி வரை 6 டிகிரி வரையும் இருக்கலாம். சென்னைக்கும் மதுரைக்கும் இது தாராளம். லடாக்குக்குப் போதாது.

அதனால்தான் 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாராகும் இந்த டீசல், மைனஸ் 33 டிகிரியிலும் ஓடும் தன்மையை இழக்காது.

என்ன செய்யலாம்?

* குளிர்கால டீசல்: கிடைக்கும் ஊரில் முதலில் அதையே கேட்டு நிரப்புங்கள். டேங்கில் ஏற்கெனவே சமவெளி டீசல் நிறைய இருந்தால் பலன் குறையும். நிரப்பியதும் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். அப்போதுதான் பைப்பிலும் ஃபில்டரிலும் புது டீசல் போய்ச் சேரும்.

* ஆன்டி-ஜெல் அடிட்டிவ்: இது மெழுகுத் துகள்கள் பெரிதாகாமல் தடுக்கும், உருவான துகள்களைக் கரைக்காது. எனவே குளிர் தொடங்கும் முன்பே, பாட்டிலில் சொன்ன அளவில் சேர்க்க வேண்டும்.

* ஃபில்டர்: பழைய ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். அதில் தேங்கியிருக்கும் தண்ணீரையும் வடித்துவிடச் சொல்லுங்கள். குளிரில் அந்தத் தண்ணீரும் ஐஸ் ஆகிவிடும்.

* பார்க்கிங்: மூடிய ஷெட் கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் காற்று அடிக்காத, காலை வெயில் படுகிற இடமாகப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது பழைய லாரிக்காரர்களின் உத்தி. இன்றைய காமன் ரெயில் இன்ஜின்களில் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் வழவழப்பு கொடுக்கிறது. மண்ணெண்ணெயில் அது குறைவு. பழுதானால் செலவு பெரியது. பெட்ரோல் கலப்பது இன்னும் மோசம், எளிதில் தீப்பிடிக்கும். டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டிச் சூடாக்குவதும் விபரீதம்.

நடுவழியில் நின்றுவிட்டால்?

செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். குளிரில் ஏற்கெனவே பலம் குறைந்த பேட்டரி முழுதாகத் தீர்ந்துவிடும். உதவி வரும்வரை கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு வண்டிக்குள்ளேயே இருங்கள். பிறகு வண்டியை இழுத்துப்போய்ச் சூடான கராஜில் சில மணி நேரம் நிறுத்தினால் மெழுகு மறுபடி கரைந்துவிடும். தேவைப்பட்டால் ஃபில்டரை மாற்றினால் போதும். பெரும்பாலும் இன்ஜினுக்குச் சேதம் இருக்காது.

பிஎஸ்6 டீசல் வண்டிகள் பலவற்றில் ஊற்றும் ஆட்ப்ளூ திரவமும் மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அது உறைந்திருந்தாலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்படிதான் வண்டிகளை வடிவமைக்கிறார்கள்.

கிளம்பும் முன் போகிற ஊரின் இரவு வெப்பநிலையைப் பாருங்கள். அது பூஜ்ஜியத்துக்கு நன்றாகக் கீழே இருந்தால், ஸ்வெட்டரோடு ஒரு பாட்டில் அடிட்டிவையும் ஒரு புது ஃபில்டரையும் எடுத்து வையுங்கள்.