சினமும் ஆலோசனையும்: நாபாலின் வரலாற்றில் ஒரு சிந்தனை

சவுலைக் கொல்லும் வாய்ப்பு தாவீதுக்கு இருமுறை கிட்டிற்று; இருமுறையும் அவன் தன் கையை அடக்கிக்கொண்டான் (1 சாமு. 24, 26). இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நடுவே நாபாலின் வரலாறு அமைந்திருப்பது தற்செயலன்று. தன் உயிரை வேட்டையாடிய அரசனைத் தப்பவிட்டவன், ஆட்டுமயிர் கத்தரிக்கும் நாளில் உணவு தர மறுத்த ஒரு செல்வனுக்காக நானூறு பேருடன் பட்டயம் கட்டிப் புறப்படுகிறான். பொழுது விடியுமுன் அவ்வீட்டு ஆண்மக்கள் ஒருவரையும் உயிரோடு விடுவதில்லையென ஆணையும் இடுகிறான். பொறுமையில் தேறியவன் இவ்வளவு விரைவில் நிலைகுலைவானேன்?

வேதபகுதியே இதற்குச் சில குறிப்புகளைத் தருகிறது. 25ஆம் அதிகாரம் சாமுவேலின் மரணத்தோடு தொடங்குகிறது. தாவீதை அபிஷேகம்பண்ணியவரும், இடுக்கணில் அவன் ஓடி ஒதுங்கியவருமான முதியவர் இனி இல்லை. எனினும் ஆலோசனைக்கு வழி அடைபட்டுவிடவில்லை. ஆசாரியனாகிய அபியத்தார் ஏபோத்துடன் தாவீதிடம் வந்துசேர்ந்திருந்தான். கேகிலாவின் காரியத்தில் தாவீது மீண்டும் மீண்டும் கர்த்தரிடம் விசாரித்ததை 23ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சிக்லாகு எரிக்கப்பட்டபோதும் ஏபோத்தைக் கொண்டுவரச் சொல்லி விசாரிக்கிறான் (30:7, 8). நாபாலின் காரியத்தில் மட்டும் அத்தகைய விசாரிப்பு எதுவும் சொல்லப்படவில்லை. சினம் ஆலோசனையை மறுத்துத் தள்ளுவதில்லை. அது தேவையென்ற நினைவையே எழவிடுவதில்லை.

அச்சினத்தின் வேர் எது? 21ஆம் வசனத்தில் தாவீதின் உள்ளக்குமுறல் வெளிப்படுகிறது: வனாந்தரத்தில் இவனுடைய உடைமைகளையெல்லாம் காத்தது வீணாயிற்றே என்கிறான். பசியைவிட இந்த ‘வீண்’ என்ற எண்ணமே அவனை எரித்தது எனலாம். திருப்பணியாளர் இவ்விடத்தில் சற்று நின்று செல்லவேண்டும். நமது கோபங்களில் பெரும்பகுதி இவ்வகையைச் சார்ந்ததே. நோயுற்றோரைச் சந்தித்தோம், அடக்க ஆராதனைகளுக்கு நள்ளிரவிலும் சென்றோம், ஆலயக் கட்டடத்திற்காக வீடுவீடாய் ஏறி இறங்கினோம். முடிவில் சேகரக் கமிட்டியில் ஒருவர் எழுந்து, ‘ஐயர் என்ன செய்தார்?’ என்று கேட்கிறார். பகைவனின் ஈட்டியைப் பொறுத்தவனாலும் இக்கேள்வியைப் பொறுக்க முடிவதில்லை. ஊழியத்தின் அங்கீகாரத்தை மனிதரிடமிருந்து எவ்வளவு எதிர்பார்த்திருந்தோம் என்பதை இக்கோபமே நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

மயிலாப்பூரில் வாழ்ந்தவரென மரபு கூறும் வள்ளுவரும் இங்கே நமக்குத் துணைசெய்கிறார். வெகுளாமை அதிகாரத்தின் முதற்குறள், சினம் செல்லக்கூடிய இடத்தில் அதைக் காப்பதே காத்தலாம் என்கிறது. செல்லாத இடத்தில் அடக்கினாலென்ன, அடக்காவிட்டாலென்ன என்று ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. சவுல் கர்த்தர் அபிஷேகம்பண்ணினவன். அவன்மேல் கைவைக்கத் தேவபயம் இடந்தரவில்லை. நாபாலின் வீடோ தாவீதின் பட்டயம் தடையின்றிச் செல்லத்தக்க இடம். நம்முடைய செல்லிடங்கள் எவை? ஆலயப் பணியாளர், உதவி ஊழியர், வீட்டிலுள்ளோர். எல்லாவற்றிற்கும் மேலாகப் பிரசங்க பீடம். சனிக்கிழமை மாலையில் கேட்ட வசைக்கு ஞாயிறு காலையில் அங்கிருந்து விடை கூறுவது எளிது. கேட்போர் எழுந்து மறுமொழி சொல்ல இயலாது. அதற்கு ஒரு திருவசனத்தையும் தேடிக்கொள்கிறோம் என்பதுதான் இன்னும் வருந்தத்தக்கது.

‘காரணமில்லாமலா கோபித்தான்?’ எனச் சிலர் கேட்பர். மத்தேயு 5:22இல் நம் பழைய மொழிபெயர்ப்பிலுள்ள ‘நியாயமில்லாமல்’ என்னும் சொல், வத்திக்கான் பிரதி முதலிய தொன்மையான கையெழுத்துப் பிரதிகளில் காணப்படவில்லை என்பதை மாணவர் அறிவர். கோபங்கொண்டவன் எவனும் தன்னிடம் நியாயம் இல்லையென எண்ணுவதில்லையாகையால், அச்சொல்லில் அடைக்கலம் தேடுவது உதவாது.

அபிகாயில் செய்தது என்ன? கணவனின் மூடத்தனத்தை அவள் மறைக்கவில்லை. தாவீதுக்கு நேர்ந்தது அநீதியன்று என்றும் வாதிடவில்லை. முதலில் அப்பமும் திராட்சரசமும் அனுப்பினாள். பசித்தவனிடம் வெறும் போதனையோடு செல்லாதது அவளுடைய விவேகம். பிறகு அவனுடைய அழைப்பை நினைப்பூட்டினாள்: நாளை அரசனாகும்போது இந்த இரத்தம் மனஇடறலாயிராதபடி இன்று விலகும் என்றாள். அவளுக்குரியதாக 3ஆம் வசனம் கூறும் ‘செக்கெல்’ என்னும் எபிரேயச் சொல்லே நீதிமொழிகள் 19:11இல், மனிதனைக் கோபத்திற்குத் தாமதிக்கச்செய்யும் விவேகத்தைக் குறிக்கிறது. அவ்விவேகம் அன்று தாவீதினிடத்தில் இல்லை. எதிரே வந்த ஒரு பெண்ணினிடத்தில் இருந்தது. அதை ஏற்றுக்கொண்டதே அவனுக்குரிய சிறப்பு.

நம் திருச்சபைக்கும் இத்தகைய பாரம்பரியம் உண்டு. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஐக்கிய முயற்சி, 27.9.1947 அன்று மயிலாப்பூருக்கு அடுத்த கதீட்ரல் சாலையிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் நிறைவேறியது. பேராயர் பணியைப்பற்றிய கருத்துவேற்றுமை எளிதில் தீரவில்லை. கூடிப் பேசுவதையோ அவர்கள் விடவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் சென்றன. முயற்சியின் முன்னோடியாகிய அசரியா பேராயர் 1945இல் மறைந்து, அந்நாளைக் காணாமலே போனார். சபைகள் அப்போது செய்துகொண்ட உறுதிமொழி குறிப்பிடத்தக்கது: அதிகாரிகளாயினும் பெரும்பான்மையினராயினும் எவருடைய மனச்சாட்சியையும் மீறிச் செல்லலாகாது, ஒரு சபை மனச்சாட்சியால் ஏற்க இயலாத ஆராதனை முறையையோ ஊழியத்தையோ அதன்மேல் திணிக்கலாகாது. செல்லிடத்துக் காத்தலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் நாட்டுச் சபை வரலாற்றில் எனக்குத் தென்படவில்லை. அத்தகைய சபையின் மக்கள் இன்று தேர்தலுக்காகவும் சொத்துக்காகவும் உயர்நீதிமன்றப் படிகளில் ஏறி நிற்பதைக் காண்கையில், 1 கொரிந்தியர் 6ஐ எங்ஙனம் பிரசங்கிப்பது என்னும் தயக்கம் ஏற்படுகிறது.

நாபாலைக் குறித்து அவனுடைய ஊழியக்காரனே கூறியது, அவனோடு ஒருவரும் பேசமுடியாது என்பதே (25:17). தாவீதுக்கும் அவனுக்குமிடையே அன்றிருந்த வேறுபாடு இவ்வொன்றுதான். கோபத்தில் இருவரும் ஒத்தவர்களே. ஆகவே புதிதாய்ச் சேகரம் ஏற்கும் இளம் போதகர், தம்மிடம் துணிந்து பேசக்கூடிய இருவரையாவது முதலாண்டிலேயே தேடிக்கொள்வது நலம். அவருள் ஒருவராவது தம் ஊதியத்திற்கோ பதவிக்கோ போதகரைச் சார்ந்திராதவராக இருக்கட்டும். அவர் கற்றவராயிருக்கவேண்டுமென்பதில்லை.

பின்னாளில் தாவீது அரண்மனையில் அமர்ந்தான். உரியாவைக் குறித்த நிருபம் சென்றபோது யோவாப் அதன்படியே செய்தான். வழியில் நின்று மறித்தவர் எவருமில்லை. நாத்தான் வந்து சேர்ந்தபோது உரியா மாண்டு, பத்சேபாளுக்குக் குழந்தையும் பிறந்திருந்தது.