ஒரு கோர்ஸ் போதுமா?

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலையில் ஆண்டகளூர் கேட்டைத் தாண்டிப் போனால் புதுச்சத்திரம். சுற்றிலும் கோழிப் பண்ணைகள், இடைவிடாத லாரிகள். இந்த ஊரில் ஒருவருக்கு விலாவில் ஒரு பக்கம் மட்டும் எரிகிறது, இரண்டாம் நாள் கொத்தாகக் கொப்புளம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள்: அக்கி. அந்தக் காலமாக இருந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். இன்று டாக்டரிடம் போனால் பெரும்பாலும் அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் எழுதிக் கொடுப்பார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். ஆக 35 மாத்திரை ஒரு கோர்ஸ். கொப்புளம் தென்பட்ட 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். சீட்டோடு மெடிக்கலுக்குப் போனால், "இல்லீங்கண்ணா, நாளைக்கு வரவெச்சுத் தர்றனுங்க" என்று பதில்.

அந்த 'இல்லீங்க' எத்தனை முறை சொல்லப்படுகிறது என்று எண்ணுவதும், அதைக் குறைப்பதும் ஒருவருடைய பிழைப்பு. மருந்துக் கடைச் செயின்களில் கொள்முதலையும் கிளைகளையும் பார்த்துக்கொள்ளும் அதிகாரி அவர். வெளியிலிருந்து பார்த்தால் விளம்பரம், தள்ளுபடி, போர்டு நிறம் இவைதான் அவர் வேலை என்று தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் அவர் நாள் முழுக்க மல்லுக்கட்டுவது தற்செயலோடு.

அக்கி மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். ஒரு கடைக்குச் சராசரியாக மாதம் ஒருவர் அந்தச் சீட்டோடு வருகிறார். சரக்கு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. கடையில் எத்தனை கோர்ஸ் வைக்க வேண்டும்? 'ஒன்று' என்று சொல்லத் தோன்றும். சராசரி என்பது சட்டமல்ல. யாருமே வராத மாதம் நூற்றுக்கு 37. சரியாக ஒருவர் வரும் மாதமும் அதே 37. மிச்சமுள்ள 26 மாதங்களில் இரண்டு பேரோ அதற்கு மேலோ வந்து நிற்பார்கள். ஒரே ஒரு கோர்ஸ் வைத்திருக்கும் கடைக்காரர் நான்கில் ஒரு மாதம் கையை விரிக்க வேண்டியிருக்கும். மூன்று கோர்ஸ் வைத்தால்தான் அந்த நிலைமை 50 மாதத்துக்கு ஒருமுறை என்ற அளவுக்கு இறங்கும். மாதம் ஒன்று விற்கும் சரக்குக்கு மூன்று மடங்கு முதல் போட வேண்டும்.

இந்த எண்களை ஆரூடம் பார்த்துச் சொல்லவில்லை. சிமியோன் டெனி புவாசோன் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1837-இல், நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றிய ஒரு நூலில், அரிதாக நிகழ்பவற்றுக்கான சூத்திரத்தை எழுதி வைத்தார். அதை உலகம் திரும்பிப் பார்க்க வைத்தது குதிரைகள். பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை லாடிஸ்லாஸ் போர்ட்கீவிச் 1898-இல் வெளியிட்டார். பத்துப் படைப்பிரிவுகள், இருபது ஆண்டுகள். ஆக மொத்தம் 200 பதிவுகள். அதில் ஒரு சாவும் நிகழாதவை 109. சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் வருவது 108.7. எந்தக் குதிரை எப்போது உதைக்கும் என்று யாருக்கும் தெரியாது. மொத்தத்தில் எத்தனை உதை விழும் என்பது மட்டும் இவ்வளவு ஒழுங்காக வந்து நிற்கிறது.

அக்கி அந்தக் குதிரை உதையைப் போன்றதுதான், அதுவும் வியக்கத்தக்க அளவுக்கு. சிறு வயதில் சின்னம்மை போட்டபோது உடம்புக்குள் வந்த கிருமி, அம்மை இறங்கிய பிறகும் வெளியேறுவதில்லை. முதுகுத்தண்டின் ஓரத்து நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடக்கிறது. நாற்பது, ஐம்பது வருஷம் கழித்து, எதிர்ப்புச் சக்தி தளரும் ஒரு சமயம் பார்த்து அந்த ஒரு நரம்பின் வழியே வெளியே வருகிறது. ஒரு பக்கம் மட்டும் பட்டை போலக் கொப்புளம் வருவது அதனால்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு அக்கி வந்ததால் உங்களுக்கு அக்கி வராது. ராசிபுரத்தில் ஒருவருக்கு எழும்புவதற்கும் புதுச்சத்திரத்தில் இன்னொருவருக்கு எழும்புவதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

தொடர்பில்லை என்பதுதான் செயின் கடைகளின் மூலதனம். நூறு கடைகள் தனித்தனியாக மூன்று கோர்ஸ் வைத்தால் 300. அதையே ஒரு கிடங்கில் மொத்தமாக வைத்தால்? நூறு ஊரிலிருந்தும் மாதம் சராசரியாக நூறு பேர் வருவார்கள். ஓர் ஊரில் ஆள் கூடினால் இன்னோர் ஊரில் குறையும். ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். அதே 50 மாதத்துக்கு ஒருமுறை என்ற பாதுகாப்புக்குக் கிடங்கில் சுமார் 122 கோர்ஸ் போதும். தேவை நூறு மடங்கு பெருகும்போது அதன் தள்ளாட்டம் பத்து மடங்குதான் பெருகுகிறது. நூறின் வர்க்கமூலம் பத்து. கேரி எப்பன் என்பவர் 1979-இல் இதைத் தெளிவாக நிறுவிக் காட்டினார். நோய்வாய்ப்படுபவர்கள் குறையவில்லை, மருந்தும் மாறவில்லை. நூறு கடைகளும் தங்கள் அதிர்ஷ்டத்தையும் துரதிர்ஷ்டத்தையும் ஒரே பானையில் போட்டதில் 178 கோர்ஸ் மிச்சம்.

ஆனால் கிடங்கில் இருக்கும் மருந்து விலா எரிபவருக்கு உதவாது. இங்கேதான் நெடுஞ்சாலை வருகிறது. கிடங்கிலிருந்து தினமும் ஒரு வேன் புறப்பட்டு, நேற்று விற்றதை இன்று நிரப்பிவிட்டுப் போகிறது என்றால், கடைக்காரர் ஒரு மாதத்துத் தற்செயலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒரே ஒரு நாளின் தற்செயலைத் தாண்டினால் போதும். மாதம் ஒருவர் வரும் கடையில், ஒரே நாளில் இரண்டு பேர் வந்து நிற்பது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. ஆகவே அலமாரியில் ஒரே ஒரு கோர்ஸ் போதும். கடைக்கு ஒன்று, கிடங்கில் 122 என்று இரண்டையும் கூட்டினாலும் பழைய 300-ஐத் தொடாது. லாரித் தொழிலில் ஊறிய நாமக்கல்காரர்களுக்கு இதைப் பாடமாக எடுக்க வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் சரக்கு, படுத்துக் கிடக்கும் சரக்கின் வேலையைச் செய்துவிடும்.

மெட்பிளஸ் நிறுவனத்தை 2006-இல் ஹைதராபாத்தில் தொடங்கியவர் கங்காடி மதுகர் ரெட்டி. மருத்துவம் படித்தவர், பிறகு அமெரிக்காவின் வார்ட்டன் பள்ளியில் எம்.பி.ஏ. முடித்தவர். ஒரே நகரத்தில் 48 கடைகளோடு ஆரம்பித்தார். நாடு முழுக்க மூலைக்கொன்றாகத் தூவாமல், ஓர் ஊரைப் பிடித்தால் அதில் நெருக்கமாகக் கடை வைத்துக்கொண்டே போவது அந்த நிறுவனத்தின் வழி. 2021 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது தமிழ்நாடு உள்பட ஏழு மாநிலங்களில் இரண்டாயிரத்து முந்நூறுக்கு மேல் கடைகள். ஒரு கிடங்கு, அதைச் சுற்றி வேன் தொடும் தூரத்தில் கடைகள் என்ற இந்த நெருக்கத்தை வெறும் வியாபார ஆசை என்று நினைத்துவிடக் கூடாது. மேலே பார்த்த வர்க்கமூலம் வேலை செய்வதற்கு வேன் தூரம் குறைவாக இருந்தாக வேண்டும்.

மருந்துக் கடையைச் செயினாக நடத்தலாம் என்பதே ஒரு காலத்தில் வழக்காக நின்ற விஷயம். 1868-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டப்படி தேர்ச்சி பெறாத எந்த 'நபரும்' நஞ்சு கலந்த மருந்துகளை விற்கக் கூடாது. கம்பெனி ஒரு நபரா? இல்லை என்று 1880-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. தேர்ச்சி பெற்ற ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு கம்பெனி விற்கலாம் என்று வழி பிறந்தது. நாட்டிங்ஹாம் நகரில் அம்மாவோடு மூலிகைக் கடையில் நின்று வளர்ந்த ஜெஸ்ஸி பூட் இதைப் பிடித்துக்கொண்டார். 1883-இல் கம்பெனியைப் பதிவு செய்தார். மறு வருஷமே எட்வின் வேரிங் என்ற மருந்தாளுநரை வேலைக்கு வைத்தார். 1914 வாக்கில் பூட்டின் கடைகள் 550. அவர் மருந்தாளுநர் பட்டம் பெற்றவர் அல்லர் என்பதை அந்தக் காலத்து மருந்துக் கடைக்காரர்கள் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டம் இதற்கு நடுவழி ஒன்றைப் பிடித்தது. முதலாளி யாராகவும் இருக்கலாம். மருந்தை எடுத்துக் கொடுப்பவர் பதிவு பெற்ற பார்மசிஸ்டாக இருக்க வேண்டும். டி.பார்ம். முடித்து கவுன்ட்டரில் நிற்கும் இளைஞர், ஒரு கடையின் பொறுப்பாளராகி, பிறகு இருபது முப்பது கடைகளைப் பார்க்கும் ஏரியா மேனேஜர் ஆவது இந்தத் தொழிலில் சாதாரணமாக நடக்கிற ஏணி.

அந்த இளைஞர் முதல் வாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது கத்தரிக்கோல் பிடிக்க. "நாலு மாத்திரை மட்டும் குடுங்க" என்றால் அட்டையை எந்தப் பக்கமிருந்து வெட்டுவது? பேட்ச் எண்ணும் காலாவதி மாதமும் அட்டையின் ஓர் ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரத்தை வெட்டிக் கொடுத்துவிட்டால், கடையில் மிஞ்சும் ஆறு மாத்திரைக்கு வயது தெரியாமல் போகும். அதனால் எதிர்ப் பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும்.

வயது ஏன் முக்கியம்? பழைய ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தால் புளித்த வினிகர் வாடை அடிக்கும். காற்றின் ஈரம் பட்டு மாத்திரை அசெட்டிக் அமிலமாகவும் சாலிசிலிக் அமிலமாகவும் பிரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இப்படிப்பட்ட சிதைவுகள் பத்து டிகிரி வெப்பம் கூடினால் ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு வேகமெடுக்கும். அதனால்தான் கம்பெனிகள் புது மருந்தை 40 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வாட்டிப் பார்த்து, சாதாரண அறையில் எத்தனை காலம் தாங்கும் என்று முன்கூட்டியே கணிக்கின்றன. சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கடைக்குள் மத்தியானம் நிற்பவர்களுக்குத் தெரியும், அந்தச் சோதனைக்கூடம் ஒன்றும் அதிகக் கற்பனையல்ல என்று. முட்டை வியாபாரத்தில் சரக்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மதிப்பிழக்கிறது. மருந்தின் விற்பனை மதிப்போ காலாவதியானதும் ஒரே நாளில் பூஜ்யத்துக்கு விழுகிறது.

செயின் அதிகாரி இங்கேயும் அதே பானையைத்தான் பயன்படுத்துகிறார். மாதம் ஒன்று விற்கும் கடையில் பத்து கோர்ஸ் தேங்கியிருந்து, காலாவதிக்கு ஆறு மாதமே இருந்தால், நாலு கோர்ஸ் குப்பைக்குப் போகும். அந்த நாலை இப்போதே எடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் தன் இன்னொரு கிளைக்கு அனுப்பினால் சில வாரங்களில் விற்றுவிடும். தனிக் கடைக்காரருக்கு இந்த வழி சுலபமில்லை. ஸ்டாக்கிஸ்ட் திரும்ப எடுத்துக்கொண்டால் உண்டு.

தமிழ்நாட்டு அரசும் இந்தக் கணக்கைத் தன் வழியில் கண்டுபிடித்தது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு ஆஸ்பத்திரிகள் ஆளுக்கொரு பக்கம் மருந்து வாங்குவதை நிறுத்தி, மாவட்டக் கிடங்குகளை வைத்து, ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தது. பாஸ்புக்கில் இருக்கும் தொகைக்குத் தேவையானதைத் தேவையானபோது கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கணினி வைத்துக் கணக்கு பார்க்கும் இந்த முறையைப் பிற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆயிரம் முதல்வர் மருந்தகங்களும் ஒரு வகையில் செயின்தான்.

இவ்வளவும் சரி. ஆனால் கணக்கின் அடித்தளத்தில் நாம் வைத்த கல்லைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கலாம்: ஓர் ஊரின் நோய்க்கும் இன்னோர் ஊரின் நோய்க்கும் தொடர்பில்லை என்றோம். மாசி, பங்குனி பிறந்ததும் அது பொய்த்துப்போகிறது. அக்கிக்குக் காரணமான அதே கிருமிதான் சின்னம்மைக்கும் காரணம். சின்னம்மை போட்ட பெரியவர்களுக்கு டாக்டர்கள் எழுதுவதும் பெரும்பாலும் அதே அசைக்ளோவிர் 800, அதே ஐந்து வேளை. இதை முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. அக்கி போலல்லாமல் அம்மை பள்ளிக்கூடம் வழியாக, திருவிழாக் கூட்டம் வழியாக, தெருத் தெருவாக ஒட்டும். ஓர் ஊரில் கூடினால் பக்கத்து ஊரிலும் கூடும். ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று தின்பதற்குப் பதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அப்போது கிடங்கில் 122 என்பது பயனற்ற எண். 2020-இல் கொரோனா வந்தபோது உலகின் பல இடங்களில் அலமாரிகள் காலியானதற்கும் இது ஒரு காரணம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மையை ஆத்தா வந்திருப்பதாகக் கருதி, வேப்பிலை கட்டி, மருந்தே தொடாத வீடுகள் இங்கே ஏராளம். எத்தனை பேருக்கு அம்மை என்பதிலிருந்து எத்தனை சீட்டு வரும் என்று நேராகக் கணக்கிட முடியாது. போன வருஷ விற்பனையை வைத்துக் கணிக்கும் மென்பொருளுக்கு அந்த வித்தியாசம் பிடிபடாது.

பிடிபடக்கூடியவர் கவுன்ட்டரில் நிற்பவர். எந்தத் தெருவில் எத்தனை வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறது என்று காலையில் கடை திறக்க வரும்போதே பார்த்திருப்பார். தனிக் கடைக்காரராக இருந்தால் ஸ்டாக்கிஸ்டுக்கு போன் போட்டு ஐந்து கோர்ஸ் கூடுதலாகச் சொல்லிவிடுவார். அதுவும் வரும்வரை தாங்காவிட்டால் பக்கத்துக் கடையில் கைமாத்தாக ஓர் அட்டை வாங்கிச் சமாளிப்பார். செயின் கடைப் பார்மசிஸ்டும் போன் போடுவார், ஏரியா மேனேஜருக்கு. திரையில் 'தேவை: 1' என்று காட்டிக்கொண்டிருக்கும். அதை மீறி ஐந்து கோர்ஸை வேனில் ஏற்றச் சொல்வதா, 'சிஸ்டம் காட்டலையே' என்று விட்டுவிடுவதா என்பதை அந்த மேனேஜர் வேன் கிளம்புவதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.